டெபியன் 13 வருவதற்கு முன்பே ஓடிய என் ‘டெபியன் 13’

டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி. எங்கள் பெரியப்பா மகனுடைய வெங்காயக் கமிஷன் மண்டியின் கணக்கு சர்வரில் அது 2024 மார்ச்சிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஓடவிட்டது நான்தான். பூலாம்பாடியில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கு முன்னால் ஓடுகிறோம் என்று ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமை ரெண்டு வாரம்தான் நின்றது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் சர்வருக்கு நடந்ததற்கு டெபியன் பொறுப்பில்லை. ஃபைல் பெயரில் ‘டெய்லி’ன்னு இருந்தது, படித்தேன், படித்துவிட்டுத்தான் எடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு இந்த ‘முன்கூட்டியே கட்டும் கிளவுட் இமேஜ்’ என்கிற ஏற்பாட்டைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன். அதற்குப் பெயர் வைக்கிற முறையிலும், பழைய இமேஜ்களை அப்படியே விட்டுவைக்கிற முறையிலும் எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. இந்தக் குறிப்பு அதைப் பற்றி.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டால் இன்ஸ்டாலர் உங்களிடம் கேள்வி கேட்கும். எந்த மொழி, எந்த டிஸ்க், என்ன பாஸ்வேர்டு. வாடகை சர்வரில் அதற்கெல்லாம் நேரமில்லை. இன்ஸ்டால் செய்து முடித்த டிஸ்க்கை அப்படியே ஒரே ஃபைலாக்கி வைத்திருப்பார்கள். அதைப் படியெடுத்து ஓடவிட்டால், முதல் பூட்டிலேயே கிளவுட்-இனிட் என்ற நிரல் எழுந்து சர்வர் பெயர், யூசர், எஸ்எஸ்ஹெச் சாவி எல்லாவற்றையும் வாங்கிப் பொருத்திவிடும். ஒரு நிமிஷத்தில் சர்வர் தயார். டெபியனின் ‘ஜெனரிக்-கிளவுட்’ இமேஜில் கெர்னலையும் இளைக்க வைத்திருப்பார்கள். வைஃபை, சவுண்ட் கார்டு மாதிரியான நிஜ வன்பொருளுக்கான டிரைவர்கள் மெய்நிகர் சர்வருக்கு எதற்கு?

(நடுவில் ஒரு சின்ன எரிச்சல். டெபியனில் ‘நோகிளவுட்’ என்று ஒரு இமேஜ் இருக்கிறது. அதில் கிளவுட்-இனிட்டே கிடையாது, ரூட்டாகப் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போகலாம், சோதனைக்கு மட்டும். கிளவுட்-இனிட்டிலும் ‘நோகிளவுட்’ என்று ஒன்று உண்டு. அது கிளவுட்-இனிட்டுக்கே உள்ளூர் ஃபைலிலிருந்து விவரம் கொடுக்கும் வழி. ஒரே பெயர், நேர் எதிர் அர்த்தம். பெயர் வைக்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை போல.)

இந்த இமேஜ்களை டெபியனின் கிளவுட் குழு தினமும் தானியங்கியாகக் கட்டுகிறது. ஏற்கனவே வெளிவந்த பதிப்புக்கும் கட்டுகிறது, இனிமேல்தான் வரப்போகிற பதிப்புக்கும் கட்டுகிறது. இரண்டாவது வகையைத்தான் இங்கே பேசுகிறேன்.

அது தேவையா என்றால், கட்டாயம் தேவை. வெளியீட்டு நாளன்று இமேஜ் ஒழுங்காக பூட் ஆகவேண்டும் என்றால் ஒரு வருஷத்துக்கு முன்பிருந்தே யாரோ தினமும் பூட் செய்து பார்த்திருக்க வேண்டும். டெபியன் 12-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆர்சிஸ்லாக் வழக்கமான நிறுவலிலிருந்து எடுக்கப்பட்டது. லாக் எல்லாம் ஜர்னலுக்குப் போய்விட்டது. ஆத்.லாக் என்ற ஃபைலை நம்பியிருந்த ஃபெயில்2பேன் பல பேருக்குக் கிளம்பவே மறுத்தது. முன்கூட்டிய இமேஜில் தன் செட்டப்பை ஓட்டிப் பார்த்தவருக்கு இது வெளியீட்டுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஓட்டிப் பார்க்காதவர் சர்வரை மாற்றிய அன்று ராத்திரி தெரிந்துகொண்டார். ஆகவே இமேஜ்களைக் கட்டவே கூடாது என்பது என் வாதம் இல்லை.

இப்போது என் கதை. எனக்கு லினக்ஸ் அறிமுகமானது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் இருந்த பாஸ் லினக்ஸ் மூலம். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது. அதில் இருந்ததெல்லாம் பழைய வெர்ஷன் என்று கிளாஸில் கிண்டல் பண்ணுவோம். ‘பழசு’ என்பது ஒரு அவமானம் என்று அன்றைக்கே மனசில் பதிந்துவிட்டது. அதனால் அண்ணனின் மண்டிக்குக் கணக்கு நிரல் எழுதி முடித்தபோது, அப்போதைய ஸ்டேபிளான புக்வோர்மை விட்டுவிட்டு டிரிக்ஸியின் டெய்லி இமேஜை ஏற்றினேன். ‘எப்படியும் அதுதானே நாளைக்கு ஸ்டேபிள் ஆகப்போகுது, இப்பவே போட்டுட்டா அப்புறம் மாத்துற வேலை மிச்சம்’ என்பது என் கணக்கு. அப்போது மார்ச் நடுப்பகுதி. நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்து நடத்தை விதிகளும் அமலுக்கு வந்திருந்தன.

தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப்போனால் கையில் கணக்கு இருக்கவேண்டும். பறக்கும் படை வண்டியை நிறுத்தினால் காகிதத்தைத்தான் கேட்கும். வெங்காய வியாபாரம் ரொக்கத்தில் நடப்பது. எடை, கழிவு, கூலி, கமிஷன் எல்லாம் போட்ட சீட்டு அச்சாகிக் கையில் இருந்தால்தான் அண்ணன் பணத்தோடு பெரம்பலூர் போக முடியும். என் நிரல் அந்தச் சீட்டைத்தான் அச்சடித்தது.

மார்ச் 29, புனித வெள்ளி. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர் எழுதிய மின்னஞ்சல் அன்று வெளியானது. எக்ஸ்-இசட் என்ற, சுருக்கி விரிக்கும் சாதாரண லைப்ரரியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது, அது எஸ்எஸ்ஹெச் சர்வருக்குள் நுழைகிறது என்று. ராத்திரி போனில் செய்தியைப் பார்த்ததும் சர்வரில் நுழைந்து பதிப்பைக் கேட்டேன். 5.6 என்று தொடங்கியது.

அந்தப் பின்கதவு எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்த்தால்தான் பயத்தின் அளவு புரியும். 64-பிட் இன்டெல் வகை லினக்ஸில், டெப் அல்லது ஆர்பிஎம் பாக்கேஜாகக் கட்டப்படும்போது மட்டும் அது தன்னைச் சேர்த்துக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் சர்வர் சிஸ்டம்-டி வழியாக எக்ஸ்-இசட்டைத் தொடும் இடத்தில் உட்காரும். மூல எஸ்எஸ்ஹெச்சில் அந்தத் தொடர்பே கிடையாது. டெபியன் போன்ற விநியோகங்கள் தாங்களாகச் சேர்த்த ஒட்டு அது. முதல் பூட்டிலேயே எஸ்எஸ்ஹெச்சை இணையத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் டெபியன் கிளவுட் இமேஜ், அந்தக் கள்ளனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

பதறிப்போய் சர்வரை அழித்தேன். மறுநாள் காலையில் புக்வோர்மின் ஸ்டேபிள் இமேஜில் புதுசாக ஒன்று எழுப்பி, தரவுப் பிரதியைத் திரும்ப ஏற்றினால் ஏறவில்லை. டிரிக்ஸியில் போஸ்ட்கிரெஸ் 16, புக்வோர்மில் 15. நான் எடுத்து வைத்திருந்த பிரதி போஸ்ட்கிரெஸின் தனி வடிவம், அதை 16-இல் மாற்றியிருந்தார்கள். 15-இன் கருவி தலைப்பைப் படித்துவிட்டு ‘இது எனக்குத் தெரியாத பதிப்பு’ன்னு கைவிரித்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் குழுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து 16-ஐ இறக்கிப் போட்டு எல்லாம் சரியானபோது சாயங்காலம் ஆகிவிட்டது. நடுவில் அண்ணன் மூணு தடவை கூப்பிட்டார்.

“என்னடா தம்பி, சீட்டு வருமா வராதா?”

“வந்துரும்ணே. ஒரு மணி நேரம்.”

“காலையிலயும் அதத்தானடா சொன்ன. நான் கையாலயே எழுதிக்கிறேன், விடு.”

கையால் எழுதிய சீட்டோடு போனார். யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

என் கதை அவ்வளவுதான். இனி விமர்சனம்.

எனக்கு முதல் உறுத்தல் எண்ணில். டிரிக்ஸி ஸ்டேபிள் ஆவதற்கு ஒரு வருஷத்துக்கும் மேல் முன்பே அந்த இமேஜின் ஃபைல் பெயர் ‘டெபியன்-13’ என்றுதான் தொடங்கியது. டெபியன் 13 என்று ஒன்று அப்போது உலகத்திலேயே இல்லை. வேடிக்கை என்னவென்றால் இமேஜைத் திறந்து உள்ளே போய் ‘நீ யார்?’ என்று இயங்குதளத்தைக் கேட்டால் அது உண்மையைச் சொல்லும். 2024 மார்ச்சில் அதன் பதில் ‘டிரிக்ஸி/சிட்’. பதிப்பு எண்ணே கிடையாது, ஏனென்றால் எண் கொடுக்க இன்னும் எதுவும் முடிவாகவில்லை. உள்ளே இருப்பவன் ‘நான் இன்னும் பிறக்கவில்லை’ என்கிறான். வாசலில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது. மூட்டைக்குள்ளே சரக்கு ஒன்று, மேலே சீட்டு ஒன்று என்றால் மண்டியில் அதற்குப் பெயரே வேறு.

உபுண்டு இந்த இடத்தில் பரவாயில்லை. வெளிவராத பதிப்பின் இமேஜில் லாகின் ஆனதும் ‘டெவலப்மென்ட் பிராஞ்ச்’ என்று வரவேற்பிலேயே சொல்லிவிடும். அதன் எண்ணும் வருஷம்-மாசம் என்பதால், 24.04 என்றால் ஏப்ரல் வரவில்லையே என்று பிப்ரவரியில் பார்ப்பவருக்குத் தோன்றும். ஃபெடோராவின் வளர்ச்சிக் கிளைக்குப் பெயர் ராஹைட், பதப்படுத்தாத தோல். அதை யாரும் முடிந்த செருப்பு என்று நினைத்து வாங்கமாட்டார்கள். டெபியனிலும் ‘சிட்’ என்ற பெயர் நேர்மையானது. டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கிற பையன். அது என்றைக்கும் அன்ஸ்டேபிள்தான். பிரச்சினை நடுவில் இருக்கும் டெஸ்டிங்கில். அது ஒரு நாள் வரை சோதனைச் சரக்கு, மறுநாள் அதே பெயரில் ஸ்டேபிள்.

‘டெய்லி’ என்ற சொல் அதைவிட மோசம். உபுண்டுவில் ஒரு பதிப்பு வெளிவந்த பிறகும் டெய்லி இமேஜ் வந்துகொண்டே இருக்கும். அங்கே அதன் பொருள், அதே ஸ்டேபிள் பதிப்பில் இதுவரை வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் சேர்த்துப் புதுசாகக் கட்டியது என்பது. அதை எடுப்பது நல்ல பழக்கம். டெபியனிலும் ஸ்டேபிளுக்கு டெய்லி உண்டு. வரப்போகிற பதிப்புக்கும் அதே சொல், அதே மாதிரி அடைவு, அடைவுக்குள் அதே ‘லேட்டஸ்ட்’. ஒன்று இன்று காலை கறந்த பால், இன்னொன்று இன்னும் உறையாத தயிர். ரெண்டுக்கும் ஒரே டம்ளர். தமிழில் எழுதும் நாமும் ரெண்டையும் ‘தினசரி இமேஜ்’ என்றே எழுதிக் குழப்பத்தைத் தொடர்கிறோம். நானே ஒரு பழைய குறிப்பில் அப்படி எழுதியிருக்கிறேன்.

ஒரே பெயர் என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று தோன்றிவிடும். அது அப்படி இல்லை. உதாரணத்துக்கு டிரிக்ஸியில் டெம்ப் அடைவு டிஸ்க்கிலிருந்து நினைவகத்துக்கு மாறியது, 2024-இன் நடுப்பகுதியில் வந்த மாற்றம். அதற்கு முன்னால் இறக்கிய இமேஜில் டெம்ப் டிஸ்க்கில் இருக்கும். பின்னால் இறக்கியதில் நினைவகத்தில், அதில் பாதி அளவு வரை. 1 ஜிபி வாடகை சர்வரில் பெரிய ஃபைல் ஒன்றை டெம்ப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ரெண்டு ஃபைலுக்கும் பெயரில் இருக்கும் வித்தியாசம், கடைசியில் வரும் தேதி மட்டும். ‘லேட்டஸ்ட்’ அடைவிலிருந்து எடுத்தால் அந்தத் தேதியும் இருக்காது.

அடுத்தது, பலருக்குத் தெரியாத ஒன்று. எனக்கும் தெரியாது. டெஸ்டிங் என்றால் அன்ஸ்டேபிளுக்கும் ஸ்டேபிளுக்கும் நடுவில், ஆகவே பாதுகாப்பிலும் நடுத்தரம் என்று நினைப்போம். சில நேரம் அதுதான் கடைசி. ஓட்டை ஒன்று தெரியவந்தால் ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புக் குழு நேராகத் திருத்தம் அனுப்பும். அன்ஸ்டேபிளுக்குப் பராமரிப்பாளர் புதுப் பதிப்பை ஏற்றுவார். டெஸ்டிங்குக்கு அது அன்ஸ்டேபிளில் சில நாள் காத்திருந்துதான் இறங்கும். வழக்கமாக 5 நாள், அவசரமென்றால் 2. அதுவும் அந்தப் பாக்கேஜ் நம்பியிருக்கும் மற்றவை தயாராக இருந்தால். 2024 மார்ச்சில் அவை தயாராக இல்லை. 2038 ஜனவரியில் 32-பிட் கடிகாரம் நிரம்பிவிடும் என்பதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட லைப்ரரிகளை டெபியன் ஒரே மூச்சில் மாற்றிக்கொண்டிருந்தது. டெஸ்டிங்குக்கு வரும் பாதை மூட்டை ஏற்றிய லாரிகள் நின்ற சந்து மாதிரி அடைத்துக்கிடந்தது. பந்தியில் நடுவில் உட்கார்ந்தவனுக்குத்தான் கடைசியில் சாம்பார். இந்த விஷயம் டெபியன் ஆவணங்களில் எழுதியிருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பழைய முறையில் இன்ஸ்டால் செய்தவர் டெஸ்டிங்கைத் தேடிப் போயிருப்பார், வழியில் அந்த ஆவணம் கண்ணில் பட்டிருக்கும். இமேஜ் வந்த பிறகு ஒரு முகவரியை ஒட்டினால் போதும், ஒரு நிமிஷத்தில் சர்வர். படிக்கவேண்டிய வழியே இடையில் இல்லாமல் போய்விட்டது.

இப்போது எதிர்வாதம். அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்தது யார்? ஃப்ராய்ண்ட். எங்கே? டெபியன் சிட்டில். போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தவர், எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதையும் பிராசசரைத் தின்பதையும் கவனித்துத் தோண்டினார். முன்கூட்டிய பதிப்பில் யாருமே ஓடியிருக்காவிட்டால் அது ஸ்டேபிளுக்குள் போயிருக்கும், உலகம் முழுக்கப் பரவியிருக்கும். முன்கூட்டிய கட்டுமானம்தான் நம்மைக் காப்பாற்றியது என்று சொன்னால் மறுக்க முடியாது, நான் மறுக்கவும் இல்லை. ஆனால் அவர் எதில் நிற்கிறோம் என்று தெரிந்து நின்றவர், அளவுகோலோடு நின்றவர். வெங்காயச் சீட்டு அச்சடிக்க நின்ற நான் அரை நொடித் தாமதத்தைக் கவனித்திருந்தால்கூட ‘நம்ம ஊர் நெட்டு இப்படித்தான்’ என்று விட்டிருப்பேன்.

வெளியீட்டாளர்கள் அந்த வாரம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும், நியாயமாக இருக்க. டெபியன் 12.6 என்ற திருத்தப் பதிப்பைத் தள்ளிவைத்தார்கள், அது ஜூன் 29-இல்தான் வந்தது. உபுண்டு 24.04-இன் பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனது. எக்ஸ்-இசட்டில் அந்தக் குறியீடு நுழைந்த பிப்ரவரி 26-க்குப் பிறகு கட்டப்பட்ட எல்லா பாக்கேஜ்களையும் தூக்கிப்போட்டு, புதிதாக அமைத்த இயந்திரங்களில் மறுபடி கட்டினார்கள். கட்டிய இடமே கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தை மதித்த வேலை அது. மரியாதைக்குரியது.

இத்தனைக்குப் பிறகும் பழைய இமேஜ்கள் என்ன ஆயின? இதுதான் என் பெரிய குறை. பாக்கேஜுக்குத் திருத்தம் வரும். இமேஜ் கட்டிய நாளில் உறைந்துபோனது. 2025 ஆகஸ்டில் பைனார்லி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் டாக்கர் ஹப்பில் தேடியபோது, 2024 மார்ச்சில் கட்டிய டெபியன் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் இமேஜ்கள் அந்தப் பின்கதவோடு அப்படியே கிடைத்தன. அவற்றின் மேல் யார் யாரோ கட்டியவற்றையும் சேர்த்து 35-க்கும் மேல். டாக்கர் இமேஜ் வேறு, கிளவுட் இமேஜ் வேறு, தெரியும். டாக்கரில் பொதுவாக எஸ்எஸ்ஹெச் ஓடாது, சுரண்டுவதும் கடினம். ஆனால் ‘ஒரு நாளைக்கு ஒன்று கட்டி அடுக்கு’ என்ற பழக்கம் ஒன்றேதான். பராமரிப்பாளர் தரப்பின் பதில், அவை பழைய ஆவணம், இருக்கட்டும், புதியதைப் பயன்படுத்துங்கள் என்ற பொருளில் இருந்தது. ஆவணம் காப்பது நல்லதுதான். பூச்சிமருந்து டப்பாவையும் சிலர் நினைவுக்கு வைத்துக்கொள்வார்கள், ஆனால் அடுப்படி அலமாரியில் வைக்கமாட்டார்கள். தனி அடைவு, தனி எச்சரிக்கை, இழுத்தால் ‘இது கெட்டது’ என்று ஒரு வரி. அது அதிகமான கோரிக்கையா?

எனக்கு வேண்டியது பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வெளியாகும் நாள் வரை ஃபைல் பெயரில் எண் வேண்டாம், டெஸ்டிங் என்றே இருக்கட்டும். லாகின் ஆகும்போது உபுண்டு மாதிரி ஒரு வரி. முப்பது நாளைத் தாண்டிய முன்கூட்டிய இமேஜ் முதல் பூட்டில் தன் வயசைச் சொல்லட்டும். மூன்றையும் எழுத ஒரு மதியம் போதும் என்று நினைக்கிறேன். இப்படி நினைத்து ஆரம்பித்த வேலைகள் எனக்கு மாசக்கணக்கில் இழுத்ததும் உண்டு.

அண்ணனிடம் இதையெல்லாம் ஒரு நாள் விளக்கப் பார்த்தேன். மண்டியில் நின்றபடி பாதி கேட்டார். கையில் எடுத்த ஒரு காயின் கழுத்தை அமுக்கிக் காட்டி, “தாள் மடியறதுக்கு முன்னாடி புடுங்கினது. இன்னைக்கு வித்துரலாம், பட்டறையில போட்டா நிக்காது” என்றார். அதனால்தான் புதுக் காய், பழைய காய் என்று தனித்தனி விலை, தனித்தனிக் குவியல். ரெண்டையும் வாங்க ஆள் உண்டு. ஒரே குவியலாகப் போட்டால்தான் சண்டை.

மண்டி சர்வர் இப்போது டெபியன் 13-இல் ஓடுகிறது. நிஜமான 13. வெளிவந்து முதல் திருத்தப் பதிப்பும் வந்த பிறகு மாற்றினேன். அந்த மார்ச் மாத இமேஜ் இன்னும் என் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தது, பெயரை மட்டும் பார்த்தால் இன்றைய 13-இன் தம்பி மாதிரி. போன வாரம்தான் அழித்தேன். அடுத்த பதிப்பான ஃபோர்க்கிக்கு இப்போதே டெய்லி இமேஜ் வரத் தொடங்கிவிட்டது என்று பேச்சுவாக்கில் சொன்னதும் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

“அதுக்கு மாத்தணுமாடா?”

“வேணாம்ணே. அது தாள் மடியட்டும்.”